நெற்றியளவு

தங்கபுஷ்பத்தின் கம்பு முதல் இரவிலேயே ஒரு முழம் வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தின சாயங்காலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பு வளர்ந்ததைப் பற்றி உவரோடையில் யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை, அந்தச் சாயங்காலத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது.

உவரோடை ஒரு பக்கம் கடலும் மூன்று பக்கம் உப்புப் பாத்திகளும் உள்ள ஊர். தங்கபுஷ்பம் முப்பது வருடமாக அந்தப் பாத்திகளில் உப்புச் சுமந்தவள். உயரம் நாலடி ஏழங்குலம். சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டு, தலையில் சும்மாடு வைத்து, அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தால் தூரத்தில் கூடை மட்டும் நடந்து வருவது போலிருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம், தண்ணீர் டிரம் ஏற்றிவர வேண்டிய டிராக்டர் வராத நாளில், உப்பைக் கொட்டிக் குவிக்கிற தட்டுமேட்டில் அவள் கூடையை இறக்கிவிட்டு, கங்காணி ஆதிலிங்கத்தின் மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டாள். அது உதட்டுக்குப் போவதற்குள் அறை விழுந்தது. தம்ளர் பறந்துபோய்ப் பாத்திக்குள் விழுந்தது. அவள் திருப்பி அறையக் கையைத் தூக்கினாள். ஆதிலிங்கம் ஆறடி இரண்டங்குலம். கை அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானோடு நின்றுபோயிற்று. வரிசையில் நின்ற முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒருவர் மட்டும் சிரித்தார். யாரென்று அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவளுடைய இடது காதுக்குள் ஒரு விசில் ஊதத் தொடங்கியிருந்தது. பண்டிகைக்கும் ஊதி, இழவுக்கும் ஊதி, தூக்கத்திலும் ஊதி, ஒன்பது வருடமாக அது மூச்சு வாங்கவே இல்லை.

இந்த நிலையில்தான் மாசானம் என்கிற இருபத்தேழு வயதுப் பையன், பகலில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் முற்றத்தில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும் வயது ஒரு தடையில்லை என்றும் பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் எழுதி ரோட்டோரம் நிறுத்திவைத்தான். முதல் நாள் வந்தவர்கள் பதினோரு பொடியன்களும் தங்கபுஷ்பமும். மாசானம் ஒரு தார்ப்பாயை விரித்து, தன்னிடமிருந்த ஆயுதங்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தான். பொடியன்கள் வாளைச் சுற்றி நின்றார்கள். தங்கபுஷ்பம் தார்ப்பாயின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, கருவாடு வாங்க வந்தவள் போல ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னது, வாத்தியாரே?"

"சுருள்வாள், யக்கா. இடுப்புல பெல்ட்டு மாரிச் சுத்திக்கிடலாம். உருவி வீசினா நாலு பேரு பக்கத்துல வர முடியாது."

"எட்டுமா?"

"நல்லா எட்டும். ஆனா புதுசா பிடிக்கவன் காதைத்தான் அது முதல்ல கேக்கும்."

"ஒரு காதை ஏற்கெனவே குடுத்தாச்சு. மிச்சமிருக்கது வேணும்."

அடுத்தது மான்கொம்பு, இரண்டு கொம்புகள் எதிரெதிராகச் சேர்த்துக் கட்டியது, அவனிடம் இருந்தது இரும்பில் செய்தது. அதற்கு எதிராளியின் மூச்சுக்காற்று மேலே படுகிற அளவுக்கு நெருங்க வேண்டும் என்றான். அந்த ஆளின் மூச்சு தனக்கு வேண்டாம் என்று அவள் கீழே வைத்துவிட்டாள். பிறகு வேல்கம்பைத் தூக்கிப் பார்த்தாள். அதுதான் எல்லாவற்றிலும் நீளமானது.

"அது குத்துனா ஆளு செத்துருவான், யக்கா."

"சாகக் கூடாதே. செத்துப்போனா அறை யாரு மேல விழும்?"

மாசானம் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஊருக்குப் புதியவன், அவனுக்குத் தட்டுமேட்டுக் கதை தெரியாது. ஒரு பொடியன் அவன் காதில் சொன்னான். மாசானம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, வாள் வேல் எல்லாவற்றையும் சுருட்டி ஓரமாக வைத்தான். மேற்கு மலையிலிருந்து கட்டாகக் கொண்டுவந்திருந்த கல்மூங்கிலில் ஒன்றை உருவினான். தொடக்கக்காரர் யாராயிருந்தாலும் முதல் ஆயுதம் கம்புதான் என்றும், கம்பு பழகாதவன் கையில் மற்றதெல்லாம் அவனுக்கே எதிரி என்றும், கம்பின் அளவு பிடிக்கிறவரின் நெற்றிப்பொட்டு வரைக்கும்தான் என்றும் சொல்லி, அவளை நேராக நிற்க வைத்து, கரித்துண்டால் கோடு கிழித்து, அறுக்கப் போனான்.

"என் நெத்திக்கு எதுக்கு அளக்கீரு? நான் என்னையவா அடிக்கப்போறேன்?"

பொடியன்கள் சிரித்தார்கள். மாசானம் சிரிக்கவில்லை. "அளவு அதான், யக்கா. எங்க வாத்தியாருக்கு அவிய வாத்தியார் சொன்ன அளவு" என்று அறுத்துக் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது எல்லோருக்குமாகச் சட்டங்களைச் சொன்னான். தொடங்குமுன் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். முதல் பாடம் ஆளை அடிப்பதல்ல, ஆள் கையில் இருப்பதைத் தட்டிவிடுவது. வெறுங்கையோடு நிற்கிறவன் மேல் கம்பு படவே கூடாது. பட்டால் கம்பின் வீச்சு அன்றோடு போய்விடும், பிறகு அது துணி காயப்போடத்தான் ஆகும். தொடக்கக்காரருக்கு ஒரு நேரத்தில் ஒரு எதிராளிதான். இரண்டு பேரை நினைத்துக்கொண்டு கம்பு பிடித்தால் இரண்டு பேரும் தப்பிப்பார்கள்.

அவள் கம்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களை மூலையில் சாத்தினாள். காலையில் அது அவள் நெற்றிக்கு மேல் ஒரு முழம் நின்றது. அவள் அதைச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனாள். மாசானம், தான்தான் கோட்டைத் தப்பாகக் கிழித்துவிட்டதாக நினைத்து மறுபடி அறுத்தான். மறுநாள் மறுபடி ஒரு முழம். நாலாவது முறை அறுத்தபோது ரம்பம் மழுங்கிவிட்டது. ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவன் மாதத்துக்கு ஒரு முறைதான் உவரோடைக்கு வருவான் என்பதால், கம்பு வளர்ந்த அளவிலேயே இருக்கட்டும் என்று மாசானம் விட்டுவிட்டான். அறுத்து விழுந்த துண்டுகள் வளரவில்லை. ஒன்றை டீக்கடைக்காரர் சப்பாத்தி உருட்ட எடுத்துக்கொண்டார், ஒன்று ஆட்டுக்கு முளையானது, மற்ற இரண்டும் ரேஷன் கடைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தன.

வளர்ந்த அளவு யாருடையது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த உயரத்தில் நெற்றி உள்ளவர் ஊரில் ஒருவர்தான்.

ஒரு வாரத்தில் பொடியன்களின் கம்புகளும் அளவு மாறின. ஒருவனுடையது கணக்கு சாரின் நெற்றிக்கு ஏறியது. இன்னொருவனுடையது அவன் தங்கச்சியின் நெற்றிக்குக் குட்டையாகிவிட்டது. அவன் அதை வைத்து மாங்காய் அடித்தான். பிள்ளைகளின் அப்பாமார் விசாரிக்க வந்து, ஆளுக்கொரு மூங்கில் வாங்கிக்கொண்டு போனார்கள். மாசானம் மலைக்கு மறுபடி லாரியில் போய் இரண்டாவது கட்டுக் கொண்டுவந்தான். ஐப்பசி பிறப்பதற்குள் உவரோடையில் கம்பு சாத்தாத வீடு குறைவு. சாயங்காலம் நெற்றியளவு அறுத்துச் சாத்துவது, விடிந்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. பார்த்துவிட்டு, வாசலில் கோலம் போட்டுவிட்டு, அளவு யாருடையதென்று தெரியாதவர்கள் சூசையாசாரியிடம் கொண்டுபோவது.

சூசையாசாரி சவப்பெட்டி செய்கிறவர். சாவு இல்லாத நாட்களில் உப்பளத்துக்கே போய் உப்பு வாருகிற வாருபலகை செய்வார், உடைந்த கைப்பிடி மாற்றுவார். ஊரில் ஒவ்வொருவருடைய நீளமும் அவர் கண்ணில் இருந்தது. நாடா வைத்து அளக்காமல், எதிரே வருகிறவரை ஒரு தடவை பார்த்து, பலகை அறுத்துவிடுவார், அங்குலம் பிசகாது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெட்டி செய்கிறவன் சிரித்தால் கடைக்கு ஆகாது என்பார். கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தி, கம்பின் நுனியைப் பார்த்து, பேரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒரு நாள் பெருமையாக வந்தார்.

"ஆசாரியாரே, பாத்தீரா! ராவெல்லாம் சாத்தி வச்சிருந்தேன், ஒரு நூலு ஏறல, ஒரு நூலு இறங்கல. எனக்கு ஊருல பகையே கெடையாதுன்னு நான் சொன்னேம்லா?"

"உம்ம அண்ணனும் நீரும் ஒரே ஒசரம்லா" என்றார் சூசையாசாரி.

தலைவர் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார். மாதாகோயில் சாமியார் ஒரு ஞாயிறு முழுக்க இந்தக் கம்புகளைக் கண்டித்துப் பேசினார். அன்று ராத்திரி யாரோ அவர் அறையிலும் ஒன்றைச் சாத்திவிட்டார்கள். அது மணியடிக்கிற கோயில்பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியிருந்ததைப் பார்த்த பிறகு அடுத்த ஞாயிறு அவர் மழையைப் பற்றிப் பேசினார். பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவோடும் பழத்தோடும் ஒரு கம்பையும் கொண்டுபோய், பெண் வீட்டில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வருவது வழக்கமாயிற்று. வருங்கால மாமியார்கள் குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறிக்கப் போட்டிருந்த கோடுகளை யாரோ இரவில் சுரண்டி அழித்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஊரில் சண்டை கூடவில்லை. குறைந்தது என்றுகூடச் சொல்லலாம். யாருக்கு யார் மேல் கோபம் என்பது வாசலில் சாத்தியிருக்கும்போது, ஒளித்துவைத்துப் புழுங்குவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது, எதிர்வீட்டுக்காரனைக் கண்டு, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் நான்தானா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள்.

தங்கபுஷ்பம் மட்டும் வேலை விட்டு வந்து ஒவ்வொரு சாயங்காலமும் ஐஸ் கம்பெனி முற்றத்தில் முதல் பாடத்தையே பழகினாள். மாசானம் அடுத்த பாடம் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டால், இது போதும் என்பாள். மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பாள். இரண்டு எட்டு முன்னே போவாள். மாசானத்தின் கையிலிருக்கும் கம்பைக் கீழிருந்து மேலாக ஒரே தட்டு. முதல் மாதம் அவள் கம்புதான் விழுந்தது. மூன்றாவது மாதம் மாசானத்தின் கம்பு சுவர் தாண்டிப்போய் ரோட்டில் விழுந்தது.

ஆதிலிங்கம் கங்காணி ஒரு நாள் குடையோடு வந்து முற்றத்தின் வாசலில் நின்றார்.

"என்னட்டி, கம்பு பெருசா வளந்திருக்காம்? எம் மட்டுக்கு வளந்திருக்காம்? ஆளு வளந்தாப்புல தெரியலையே!"

அவள் குனிந்து மண்ணைத் தொட்டாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை, குடையில் இருந்தது. மாசானம் நடுவில் வந்து, வெறுங்கையாய் இருப்பவர் மேல்தான் கம்பு படக்கூடாது, குடையும் கம்புதான் என்று மரியாதையாகச் சொன்னான். ஆதிலிங்கம் குடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குடையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"இந்தா, வெறுங்கை. இப்ப என்ன செய்வ?"

"நீங்க எடுக்க வரைக்கும் இருப்பேன், கங்காணி."

அந்தக் குடை அங்கேயே கிடந்து மழையில் நனைந்து துருப்பிடித்தது. அன்றிலிருந்து ஆதிலிங்கம் கையில் எதையும் எடுக்கவில்லை. வரப்பில் பாம்புக்குப் பயந்து வைத்திருந்த தடியை விட்டார். டார்ச் லைட்டை மனைவியிடம் கொடுத்து முன்னே நடக்கச் சொன்னார். கடையில் முருங்கைக்காய் வாங்கக்கூட ஆள் அனுப்பினார் என்றும், வேப்பங்குச்சியைக்கூட விட்டுவிட்டு விரலால் பல் துலக்கினார் என்றும் சொல்வார்கள். இரண்டாவது பொய்யாக இருக்கலாம்.

இது போதாதென்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. கம்பு தன் நெற்றியளவு என்றால், நெற்றியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அளவு தப்பிவிடும். அளவு தப்பிய கம்பு இன்னொருவர் தலையில் போய் விடியட்டும். தங்கபுஷ்பம் வருகிற வழியில் முதலில் கொஞ்சம் கூனி நடந்தார். மறுநாள் அவளுடைய கம்பு இரண்டு விரல் குறைந்திருந்தது. இன்னும் கூனினார், கம்பு இன்னும் குறைந்தது. கம்பு அவரை விட்டுப் போகவில்லை, கூடவே இறங்கியது. இதற்குள் முதுகு கூனலைப் பழகிவிட்டது; அவள் இல்லாத இடத்திலும், படுக்கையிலும்கூட அவரால் நிமிர முடியவில்லை.

அவர் மனைவி செல்லவடிவு விடிந்ததும் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்து, அடுக்களை மூலையில் கம்பைப் பார்ப்பது வழக்கமாயிற்று. வைத்தியரைவிட அந்தக் கம்பு சரியாகச் சொன்னது.

"இன்னைக்கு மூணு விரல் கொறஞ்சிருக்கு, என்னக்கா? ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கல. ஒரு அறைதான, போயி வாங்கிட்டு வந்திருங்க, நான் வெந்நீர் ஒத்தடம் குடுக்கேம்னு சொல்லிப்பாத்துட்டேன். கேக்க மாட்டேங்காவ."

"கேக்க மாட்டாவ."

"அப்ப என்னைய அறைஞ்சிரு. கணக்கு முடிஞ்சிரும்லா."

"அந்தப் பானையில தண்ணி நெறச்சு அனுப்புனவ நீ" என்றாள் தங்கபுஷ்பம். "உன்னைய எதுக்கு அறையணும்? உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ."

இருவரும் காப்பி குடித்தார்கள். கம்பு மூலையில் நின்றது.

மாசி கடைசியில் ஆதிலிங்கம் வரப்பில் தடுக்கிப் பாத்திக்குள் தலைகுப்புற விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இந்த முதுகோடு ஊன்றுகோல் இல்லாமல் ஓரடி வைக்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். நாலு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஐந்தாம் நாள் முதலாளி கணக்குப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியதால், வேறு வழியில்லாமல் சூசையாசாரியிடம் ஒரு ஊன்றுகோல் செய்யச் சொன்னார். சூசையாசாரி தேக்கில் கடைந்து, அடியில் ரப்பர் மாட்டி, அளவு பார்க்காமலே சரியாகக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று காலையில் தங்கபுஷ்பத்தின் கம்பு, மாசானம் முதலாவது சாயங்காலம் கரிக்கோடு கிழித்த அதே இடத்தில், அவளுடைய சொந்த நெற்றியளவில் நின்றது.

ஆதிலிங்கம் ஊன்றுகோலோடு தட்டுமேட்டுக்கு ஏறியபோது வெயில் உச்சியில் இருந்தது. கூடையோடு வரிசை நின்றது. தங்கபுஷ்பம் கூடையை இறக்கினாள். வாருபலகைகளோடு சாத்திவைத்திருந்த கம்பை எடுத்தாள். உப்பு மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தாள்.

"கங்காணி, கையில கம்பு இருக்கு."

"இது ஊன்றுகோல்."

யாரோ ஓடிப்போய்ப் பஞ்சர்க் கடையிலிருந்து மாசானத்தைக் கூட்டிவந்தார்கள். கையெல்லாம் கிரீஸோடு அவன் வந்து, இரண்டு கம்புகளையும் பார்த்து, குனிந்து ஊன்றுகோலின் ரப்பர் அடியைத் தடவினான்.

"தரையில ஊனியிருக்க மட்டும் அது காலு" என்றான். "தூக்கினா கம்பு."

ஆதிலிங்கம் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் எதிரே நின்றாள். வரிசை நகரவில்லை, கூடைகளிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்து கழுத்து வழியாக இறங்கியது, ஒருவரும் கூடையை இறக்கவில்லை, ஒருவரும் காலைப் பார்க்கவில்லை. அவர் போனால் தூக்க வேண்டும், இருந்தால் வெயில். உப்பளத்து வெயில் மேலிருந்து ஒரு பங்கும் கீழிருந்து ஒரு பங்கும் வரும். இரண்டுக்கும் நடுவில் அவர் வளைந்து நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை நேராக மண்ணில் சொட்டியது. முதலில் உதடு வெளுத்தது, பிறகு நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவியது.

"தண்ணி" என்றார்.

செல்லவடிவு, மதியச் சோற்றோடு வந்திருந்தவள், மண்பானையிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு அவர் முன்னால் நீட்டினாள். வாங்க ஒரு கை வேண்டும். அவர் வலது கையை எடுத்துத் தம்ளரை வாங்கினார். பாரம் முழுதும் இடது கைக்குப் போயிற்று. இடது கை வேர்வையில் வழுக்கியது. வழுக்கிய கை ஊன்றுகோலைச் சரியாகப் பிடிப்பதற்காக, ஒரு உப்புக்கல் நுழைகிற அளவுக்கு, தரையிலிருந்து தூக்கியது.

கீழிருந்து மேலாக ஒரே தட்டு. ஊன்றுகோல் உப்புக் குவியலின் அம்பாரத்தைத் தாண்டிப் போயிற்று. அது விழுவதற்கு முன்பே தங்கபுஷ்பம் தன்னுடைய கம்பைத் தரையில் வைத்துவிட்டாள், ஏனென்றால் அவர் இப்போது வெறுங்கை. பிறகு நிமிர்ந்தாள். அவருடைய முகம் அவள் முகத்துக்கு நேராக, ஒரு நூல் ஏறாமல் ஒரு நூல் இறங்காமல் இருந்தது. கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

அறை பாத்திகளுக்கு அப்பால் கடல் வரைக்கும் கேட்டது. தம்ளர் பறந்துபோய்ப் பாத்திக்குள் விழுந்தது.

ஆதிலிங்கத்தின் முதுகு, ஒரு கதவு திறக்கிற சத்தத்தோடு நிமிர்ந்தது. அவர் ஆறடி இரண்டங்குலத்துக்கும் எழுந்து நின்று, கன்னத்தைத் தடவிக்கொண்டு, சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "வரிசை போகட்டும்" என்றார். வரிசை போயிற்று. தங்கபுஷ்பம் பானையிலிருந்து கையாலேயே தண்ணீர் மொண்டு, முழங்கை வழியாக வடிய வடிய, போதும் என்கிற மட்டும் குடித்தாள். செல்லவடிவு பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் ஐஸ் கம்பெனி முற்றத்துக்கு ஊரே வந்தது. தங்கபுஷ்பத்தின் கம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். மாசானம், "இப்பத்தான், யக்கா, சரியான அளவு. இனிமே ரெண்டாவது பாடம் தொடங்கலாம்" என்றான். சூசையாசாரியும் வந்திருந்தார்; கம்பின் நுனியை ஒரு தடவை பார்த்து, தலையை ஆட்டிவிட்டுச் சீக்கிரமே போய்விட்டார்.

அந்த ராத்திரி தங்கபுஷ்பத்தின் காதில் விசில் இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு காதுக்குள் வெறும் அமைதி. அவள் மல்லாந்து படுத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில், விசில் இத்தனை காலமும் மூடிவைத்திருந்த இன்னொரு சத்தம், தண்ணீர் வற்றிய குளத்தில் கல் தெரிவது போல, மெல்லத் தெரிந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஆள் சிரித்தான். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தான்.

விடிந்தபோது கம்பு ஒரு சாணும் இரண்டு விரலும் வளர்ந்திருந்தது.

அந்த உயரத்தில் ஊரில் பாதிப்பேர் உண்டு. அவள் முகம் கழுவி, காப்பி குடித்து, எல்லோரும் செய்வது போலக் கம்பைத் தூக்கிக்கொண்டு சூசையாசாரியின் பட்டறைக்குப் போனாள். அவர் ஒரு பலகையில் உளியால் மூலை செதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆசாரியாரே, இது யாரு அளவு?"

அவர் கம்பின் நுனியைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் எத்தனையோ கம்புகளைப் பார்த்துச் சொன்னவர், பலகைக்குத் திரும்பி, "தெரியலையே, தங்கபுஷ்பம்" என்றார்.

"ஒமக்கா தெரியாது?"

அவள் கம்பை அவர் பக்கத்தில் நேராக நிறுத்தினாள். கம்பின் நுனி அவர் நெற்றிப்பொட்டில், நேற்று திருநீற்றுப் புதனுக்குக் கோயிலில் வைத்த சிலுவைக்குறியின் சாம்பல் இன்னும் ஒட்டியிருந்த இடத்தில், சரியாக நின்றது. உளியைப் பிடித்திருந்த சூசையாசாரியின் விரல்கள் மெல்ல விரிந்தன.

"உளியைக் கீழ போட்டுராதேயும்" என்றாள் தங்கபுஷ்பம், குனிந்து மண்ணைத் தொட்டபடி.